மூன்றாவது கட்டம் ஏன் காலியாக இருக்கிறது?

கை கழுவும் முறையைச் சரிபார்க்கத்தான் அன்று அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கிளவுஸைக் கழற்றச் சொன்னதும் அங்கிருந்த நர்ஸ் பெண் தயங்கினாள். இடது ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி. "என்னம்மா இது?" என்றேன். "ஒண்ணுமில்ல மேடம்" என்றாள். இரண்டாம் முறை கேட்டபோது அழுதுவிட்டாள். நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி கையில் குத்தி நாலு நாள் ஆகியிருந்தது.

பதினெட்டு வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துவிட்டு, இப்போது கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையில் உள்ள சின்ன ஆஸ்பத்திரிகளுக்குத் தொற்றுத் தடுப்புப் பயிற்சி கொடுக்கப் போய்வருகிறேன். ஆறு மாதத்தில் இப்படி மறைக்கப்பட்ட ஊசிக்குத்து இது மூன்றாவது. இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

நடந்தது இதுதான். தை பிறந்த வாரம், சம்பா அறுவடை. இந்தப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அறுப்பு நேரத்து நைட் டூட்டி என்றால் பாம்புக்கடி கட்டாயம் வரும். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு டாடா ஏஸ் நிறைய ஆட்களோடு ஒருவரைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். என்ன பாம்பு என்று தெரியவில்லை. ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, உறைகிறதா என்று 20 நிமிடம் வைத்துப் பார்க்க வேண்டும். "சும்மா வச்சுப் பாக்கவா தூக்கிட்டு வந்தோம்?" என்று ஒருவர் டேபிளைத் தட்டியிருக்கிறார். அந்தக் கூச்சலில் இவள் ஊசிக்கு இரண்டு கையாலும் மூடி போடப் போய், குத்திவிட்டது.

மூடி போடக் கூடாது என்று அவளுக்குத் தெரியாதா? நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் அன்று அவள் காலை எட்டு மணிக்கு வந்தவள். நைட் டூட்டிக்கு வர வேண்டியவர் வரவில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு வாட்ஸ்அப்பில், "நைட்டும் நீயே பாத்துக்கோம்மா" என்று ஒரு வரி வந்திருக்கிறது. குத்தும்போது அவளுக்குப் பதினெட்டு மணி நேர வேலை முடிந்திருந்தது.

சரி, குத்தியதை ஏன் சொல்லவில்லை? "போன மாசம் இன்னொரு அக்கா சொன்னாங்க மேடம். 'என் கவனக்குறைவால் நடந்தது'ன்னு லெட்டர் எழுதி வாங்கிட்டாங்க." இதைக் கேட்ட பிறகு அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், போனால் போகிறது என்றால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். நாலு நாள் என்பது 96 மணி நேரம். பாம்பு கடித்தவரை மறுநாளே தஞ்சாவூருக்கு அனுப்பிவிட்டார்கள். அவரது ரத்தத்தைப் பரிசோதிக்கலாம் என்றால், ரிஜிஸ்டரில் இருந்த போன் நம்பர் உபயோகத்தில் இல்லை.

நிர்வாகத்திடம் பேசினேன். பதில் மனப்பாடம் ஆகிவிட்டது: "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு ஈடுபாடே இல்ல மேடம். சர்வீஸ் மைண்ட் இல்ல. ஆறு மாசத்துல கவர்மென்ட் பரீட்சை, கல்ஃபுன்னு ஓடிடுறாங்க. நாங்களும் எவ்வளவோ செய்றோம்." செய்வது என்ன? சுவரில் மாட்டியிருந்த போட்டோவைக் காட்டினார். மே 12, செவிலியர் தினம். கேக், ரிப்பன், ஆளுக்கு ஒரு டிபன் பாக்ஸ்.

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். கேக் வெட்டுங்கள், நானும் ஒரு துண்டு சாப்பிடுகிறேன். ஆனால் ஈடுபாடு என்பது வேலைக்குச் சேரும்போது அந்தப் பெண் ஊரிலிருந்து பையில் போட்டுக் கொண்டுவரும் பொருள் என்று நினைக்கிறீர்களே, அதுதான் தப்பு. சேர்ந்த முதல் மாதம் அவர்களைப் பார்த்திருக்கிறேன். டூட்டி முடிந்து அடுத்தவரிடம் ஓவர் கொடுக்கும்போது நோட்டில் ஒன்றுவிடாமல் எழுதுவார்கள். வலங்கைமானிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, டூட்டிக்குக் கால் மணி முன்னாலேயே வந்து நிற்பார்கள். அதே பெண் ஆறாவது மாதத்தில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் ஆளாகிவிடுகிறாள் என்றால், நடுவில் இருந்த ஐந்து மாதம் உங்கள் கட்டடத்தில்தானே கழிந்தது? வேலையில் மனம் களைத்து வெறுத்துப்போவதை, அதாவது 'பர்ன் அவுட்' என்பதை, உலக சுகாதார நிறுவனமே 2019-இல் பணியிட அழுத்தத்தைச் சரியாகக் கையாளாததால் வருவது என்றுதான் வரையறுத்தது. குணக்கேடு என்று எழுதவில்லை.

இன்னொன்று, "நாங்கெல்லாம் ஒரே குடும்பம்." குடும்பத்தில் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். டபுள் டூட்டிக்குச் சம்பளம் கேட்கும்போது மட்டும் நினைவுக்கு வருவது என்ன குடும்பமோ. துணிக்கடையில் நிற்கும் பெண்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் நம் மாநிலத்தில் சட்டத் திருத்தமே வந்தது. நான் போகும் பல வார்டுகளில் நாற்காலி நோயாளியோடு வரும் அட்டெண்டருக்குத்தான்.

ஊழியர் ஈடுபாட்டை அளக்கக் கருத்துப் படிவம் கொடுக்கிறார்கள். இன்சார்ஜ் சிஸ்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருக்க, எல்லாரும் 'மிக நன்று' போடுவார்கள். நான் அதைப் பார்ப்பதில்லை. ரத்தம் வழியாகப் பரவி ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி-க்கு நர்ஸ்களுக்குப் போடும் தடுப்பூசி ரிஜிஸ்டரைக் கேட்பேன். மூன்று டோஸ்: முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம். அந்த ஆஸ்பத்திரியில் முதல் கட்டம் நிறைந்திருக்கிறது, இரண்டாவதில் பாதி, மூன்றாவதில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆள் போய்விடுகிறார்கள். "எப்படியும் போகப் போறவங்களுக்கு எதுக்கு மேடம்?" என்று கேட்ட இடமும் உண்டு. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி உள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 30 வரை. எச்.ஐ.வி.க்கு ஆயிரத்தில் 3. எதற்கு அதிகம் பயப்பட வேண்டும் என்று பாருங்கள்.

நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு: டூட்டி லிஸ்டை இரண்டு வாரம் முன்னால் ஒட்டுங்கள். மாற்ற வேண்டுமானால் போன் செய்து கேளுங்கள், முடியாது என்று சொல்லவும் இடம் கொடுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி பீரோவில் பூட்டி வைத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். அதைப் பற்றி வாதமே வேண்டாம். அறுவடை மாதங்களில் நைட்டுக்கு ஒருவரைக் கூடுதலாகப் போடுங்கள், கூட்டத்தைச் சமாளிக்க வாசலில் ஓர் ஆளாவது இருக்கட்டும். அட்டெண்டர் முன்னால் திட்டாதீர்கள். ஊசி குத்தியது என்று வந்து சொல்பவரிடம் கடிதம் வாங்குவதை நிறுத்துங்கள். முதலில் மாத்திரை, மற்றதெல்லாம் அப்புறம். ஒரு நர்ஸ் புகார் சொன்னால், செய்ய முடியாததாக இருந்தாலும் ஏன் முடியாது என்று ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லுங்கள். பதில் வராத இடத்தில் அடுத்த தடவை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

நர்ஸ் பிள்ளைகளே, உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். பிழிய வேண்டாம், ஸ்பிரிட் ஊற்ற வேண்டாம், வாயில் வைக்கவே வேண்டாம். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்றால் திட்டட்டும். உங்கள் இடத்தில் சொல்ல முடியாவிட்டால் உங்களுக்குப் பதில் ஒருவரை நிற்க வைத்துவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள், தடுப்பு மாத்திரை அங்கே இலவசம். 28 நாள் சாப்பிட வேண்டும், குமட்டும், பரவாயில்லை.

அந்தப் பெண்ணுக்கு ஹெபடைட்டிஸ் இரண்டாவது டோஸ் போட்டு நாலு மாதம் ஆகிறது. முதல் ரத்தப் பரிசோதனை நெகட்டிவ். ஆறாவது வாரமும் மூன்றாவது மாதமும் இன்னும் பாக்கி. நேற்று போன் செய்து, "பேப்பர் போட்டுட்டேன் மேடம், சர்டிபிகேட் குடுத்துட்டாங்க" என்றாள். மூன்றாவது டோஸ் தேதியைச் சொல்லி, புது இடத்தில் சேர்ந்ததும் அந்த ஊர் பெயரை எனக்கு மெசேஜ் போடச் சொல்லியிருக்கிறேன்.