பனியன் கம்பெனிப் படத்தில் வட்டம் போட்ட சாய்சதுரம்

அவிநாசிப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்க கம்பெனிக்கு சாஃப்ட்வேர் போட வந்தவங்க, ஆர்டர் வர்றதுல இருந்து பேக்கிங் வரைக்கும் பெருசா ஒரு படம் வரைஞ்சு செவுத்துல ஒட்டிட்டுப் போனாங்க. கட்டிங் மாஸ்டருக்கும் புரியலை, மெர்ச்சண்டைசருக்கும் புரியலைங்க. படிக்கத் தெரியாத எங்க தப்பா, வரைஞ்சவங்க தப்பா?"

பெரும்பாலும் வரைந்தவர்கள் தப்புதான்.

வேலை நடக்கும் முறையைப் படமாகப் போடுவது பழைய பழக்கம். 1921-லேயே ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் தம்பதி அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் இதை எடுத்து வைத்தார்கள். இன்று பரவலாக இருப்பது 2004-ல் வந்த பி.பி.எம்.என். என்ற குறியீட்டு முறை. 2011-ல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. கட்டம் என்றால் வேலை, அம்பு என்றால் வரிசை, சாய்சதுரம் என்றால் வழி பிரியும் அல்லது சேரும் இடம். நமக்கு இவ்வளவு போதும்.

கட்டங்கள் அதிகமானதால் புரியவில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அதுவும் ஒரு காரணம்தான். மனம் ஒரே நேரத்தில் ஏறக்குறைய நான்கு விஷயங்களைத்தான் பிடித்து வைத்திருக்கும் என்று 2001-ல் நெல்சன் கோவன் என்ற உளவியலாளர் எழுதினார். ஆனால் கட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போய்விடலாம். தலையைச் சுற்ற வைப்பது சாய்சதுரம்.

படத்தின் தொடக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வையுங்கள். வேலை முடிய முடிய அம்பு வழியே நகர்த்துங்கள். ஜெர்மனியின் கார்ல் ஆடம் பெட்ரி 1962-ல் தன் முனைவர் ஆய்வேட்டில் தொடங்கி வைத்த 'பெட்ரி வலை' என்ற படமுறையிலிருந்து வளர்ந்த உத்தி இது. பெருக்கல் குறி போட்ட சாய்சதுரத்தில் காசு ஏதாவது ஒரு வழியில் மட்டும் போகும். சாயம் ஷேடு ஒத்திருந்தால் கட்டிங், இல்லையென்றால் மறுபடி டையிங். கூட்டல் குறியில் காசு எல்லா வழியிலும் பிரிந்து போகும். துணி ஒரு பக்கம், லேபிளும் பட்டனும் இன்னொரு பக்கம். சேருமிடத்திலும் கூட்டல் இருந்தால் எல்லாக் காசும் வரும்வரை காத்திருக்க வேண்டும். பெருக்கலில் பிரித்துவிட்டுக் கூட்டலில் சேர்த்தால், வராத காசுக்காக ஆர்டர் காலத்துக்கும் நிற்கும். கொஞ்சம் பழகினால் இதைக் கண்ணாலேயே பிடித்துவிடலாம்.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். வட்டம் போட்ட சாய்சதுரம் ஒன்று உண்டு. "ஒன்றோ, இரண்டோ, எது தேவையோ அது" என்று அர்த்தம். ஒரு டி-ஷர்ட்டின் முன்பக்கத்துக்கு பிரிண்டிங், கைக்கு எம்ப்ராய்டரி என்று வைத்துக்கொள்வோம். சில ஸ்டைலுக்கு பிரிண்ட் மட்டும், சிலதுக்கு எம்ப்ராய்டரி மட்டும், சிலதுக்கு இரண்டும். பிரியும்போது சிக்கலே இல்லை. தையலுக்கு முன்னால் சேருமிடத்தில்தான் வினை. பிரிண்டிங்கிலிருந்து ஒரு காசு வந்துவிட்டது. உடனே தைக்கலாமா, எம்ப்ராய்டரிக்குக் காத்திருக்க வேண்டுமா? அந்த சாய்சதுரத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பதில் கிடைக்காது. இன்னொரு காசு வழியில் இருக்கிறதா என்று படத்தின் முந்தைய பகுதி முழுக்கத் தேட வேண்டும். கம்பெனியில் சூப்பர்வைசர் ஸ்டைல் நம்பரைக் கேட்டதுமே பதில் சொல்லிவிடுவார். அது அவர் தலையில் இருக்கிறது, படத்தில் இல்லை.

சரி, இதை எப்படி அவிழ்ப்பது? முன்பக்கமும் கையும் எப்போதும் ஆளுக்கொரு காசோடு கூட்டல் குறியில் கிளம்பட்டும். முன்பக்க வழியில் ஒரு பெருக்கல்: பிரிண்ட் உண்டா? உண்டென்றால் போய் வரட்டும், இல்லையென்றால் சும்மா தாண்டி வரட்டும், இரண்டு வழியும் இன்னொரு பெருக்கலில் சேரட்டும். கை வழியிலும் அப்படியே ஒரு கேள்வி. கடைசியில் ஒரு கூட்டல். அங்கே எந்த ஸ்டைலாக இருந்தாலும் இரண்டு காசு வந்தாக வேண்டும், வந்ததும் தையல். திரும்பிப் போய்த் தேடும் வேலை இல்லை. சாய்சதுரங்கள் இரண்டிலிருந்து ஆறாகிவிட்டன, ஆனாலும் படிப்பது எளிதாகிவிட்டது! இதை முதலில் பார்த்தபோது எனக்கு ஒரு சின்னக் குதூகலம்.

மெண்ட்லிங், ரைஜெர்ஸ், வான் டெர் ஆல்ஸ்ட் என்ற மூவர் 2010-ல் இத்தகைய படங்களுக்கு ஏழு வழிகாட்டுதல்களை வெளியிட்டார்கள். இந்த வட்டத்தைத் தவிர்க்கச் சொல்வது அதில் ஒன்று. படத்தின் உறுப்புகளை, அதாவது கட்டம், சாய்சதுரம் போன்றவற்றை, முடிந்தவரை குறைக்கச் சொல்வதும் அதே பட்டியலில் உண்டு. இரண்டும் மோதினால் நான் வட்டத்தைத் தூக்கிவிட்டு நாலு சாய்சதுரம் கூடுதலாகப் போடுவேன்.

இங்கே ஒரு ஆதங்கம். ஈசானி மூலை சரியில்லை என்று ஆபீஸ் ரூமை இடித்துக் கட்டச் செலவழிக்கிற முதலாளிகள் நம் பக்கம் உண்டு. ஆர்டர் எங்கே தேங்குகிறது என்று காசை நகர்த்திப் பார்க்க ஒரு மத்தியானம் ஒதுக்க மாட்டார்கள். ஜாப் ஒர்க்குக்குத் துணி போய் வரும் டெலிவரி சலான்கள் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. அதை ஆராய நம் பொறியியல் கல்லூரி மாணவர்களுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தால் என்ன?

வாசகருக்கு மீதி யோசனைகள், சுருக்கமாக. ஐம்பது உறுப்புகளுக்கு மேல் போனால் படத்தைப் பிரித்துவிடச் சொல்கிறது அந்த ஏழு. டையிங்குக்குத் தனிப் படம், பேக்கிங்குக்குத் தனிப் படம். தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று இருக்கட்டும். கட்டத்துக்குள் "பரிசோதனை" என்று மட்டும் எழுதினால் துணியையா, தைத்த பீஸையா என்று தெரியாது. "துணியின் ஜி.எஸ்.எம். பார்" (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற எடை) என்று எழுதச் சொல்லுங்கள். அப்புறம், படத்தைத் திருத்தும் நாளில் கட்டிங் மாஸ்டரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். காசை அவரே நகர்த்தட்டும்.