ஸ்டேஜ் என்றால் நிலை

பாம்பனில் எங்கள் தெரு அக்கா ஒருவர் ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டிக் கேட்டார்: "தம்பி, அப்பாவுக்குக் கணையத்துல கேன்சர், ரெண்டாவது ஸ்டேஜ்னு சொல்லிட்டாங்க. அப்ப இன்னும் ரெண்டு ஸ்டேஜ்தான் பாக்கியா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. ஸ்டேஜ் என்ற சொல் நமக்குப் பஸ் டிக்கெட்டில் பழகியது. ராமநாதபுரத்தில் ஏறினால் ஒவ்வொரு ஸ்டேஜாகக் கடந்து கடைசியில் ராமேஸ்வரத்தில் இறங்கியே ஆகவேண்டும். நோய்க்கும் அதே சொல்லைச் சொன்னால் மனசு அப்படித்தான் கணக்குப் போடும்.

சொல்லின் வேர் வேறு. ஆங்கிலத்துக்கு இது பழைய பிரெஞ்சு மொழி வழியாக வந்தது. அடியில் இருப்பது 'ஸ்தாரே' என்ற லத்தீன் வினை. பொருள், நிற்றல். தமிழில் 'நில்' என்ற வேரிலிருந்து 'நிலை' பிறந்தது போலத்தான். இரண்டு மொழியும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. செய்திகளில் 'நான்காம் கட்டப் புற்றுநோய்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. கட்டம் என்றால் ஒன்று முடிந்து அடுத்தது வரும் என்றாகிவிடும், மறுபடியும் பஸ் கணக்குதான்.

நம் கரையில் 'நிலை'க்கு இன்னொரு பொருளும் உண்டு: தண்ணீரில் கால் ஊன்றி நிற்கிற ஆழம். பெண்கடல் என்று நாம் சொல்லும் பாக் நீரிணைப் பக்கம் வெகுதூரம் நடந்தாலும் நிலைக்கும். தெற்கே ஆண்கடலில் இறங்குகிறவன் முதலில் கேட்பதே "இங்க நிலைக்குமா?" என்றுதான். மருத்துவர் செய்வதும் அதுவே. நோய் இன்றைக்கு எங்கே, எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று அளந்து பார்க்கிறார். அதனால் 'ஸ்டேஜிங்' என்பதற்கு 'நிலை அறிதல்' என்பதே சரி.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகக் கிடக்கும் உறுப்பு, சுமார் 15 செ.மீ. நீளம். வெளியிலிருந்து தொட்டுப் பார்த்தால் எளிதில் அகப்படாது. அதனால் சி.டி. ஸ்கேன், தொண்டை வழியாக விடும் எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட், ஊசியால் எடுக்கும் திசுப் பரிசோதனை எல்லாம் தேவைப்படும். கட்டி கணையத்துக்குள்ளேயே, 4 செ.மீ.க்கு மிகாமல் இருந்தால் முதல் நிலை. அதைவிடப் பெரிதானாலோ, பக்கத்து நிணநீர்க் கணுக்களில் (நோய் எதிர்ப்புக்கான சிறு முடிச்சுகள்) ஒன்று முதல் மூன்று வரை தொட்டிருந்தாலோ இரண்டாம் நிலை. நான்கு கணுக்களையோ அதற்கு மேலோ தொட்டிருந்தாலோ, பெரிய தமனிகளைப் பற்றிக்கொண்டாலோ மூன்று. கல்லீரல், நுரையீரல் என்று தள்ளிப் போயிருந்தால்தான் நான்கு.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி வந்தால் பித்தக்குழாய் அடைபட்டு, வலியே இல்லாமல் கண் மஞ்சளாகலாம். காமாலைதானே என்று கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டு மாதக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். அந்த மாதங்களில் நிலை தப்பிவிடும். வயதானவருக்குக் கண் மஞ்சளானால், புதிதாகச் சர்க்கரை வந்தால், காரணமில்லாமல் உடம்பு இளைத்தால் ஸ்கேன் பார்த்துவிடுங்கள்.

அக்காவிடம் சொன்னேன்: "ரெண்டுங்கிறது மிச்சமிருக்கிற நாள் இல்லக்கா, இப்ப நிக்கிற இடம். டாக்டர்கிட்ட ஒண்ணு மட்டும் கேளுங்க, ஆபரேஷன்ல எடுக்க முடியுமான்னு."