சத்தம் தானாகக் குறைகிறதா? ஸ்பீக்கரைக் குறை சொல்லும் முன்

புதுச்சேரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிற எனக்கு ஆன்லைன் வகுப்புகள் பெருகியதிலிருந்து அடிக்கடி வரும் புகார் இது: "பாட்டு நல்லாத்தான் ஓடுது சார், திடீர்னு யாரோ தலையணை வெச்சு அமுக்கின மாதிரி சத்தம் கம்மியாயிடுது." வருகிறவர்களில் பலர் புது ஸ்பீக்கர் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். இன்னும் சிலர் எடுத்த எடுப்பிலேயே ஃபார்மேட் போட்டுத் தரச் சொல்கிறார்கள். பெரும்பாலும் இரண்டுமே தேவையில்லை. பின்னணியில் ஓடும் ஏதோ ஒரு மென்பொருள்தான் சத்தத்தைக் குறைக்கிறது, அதுவும் பல நேரம் விண்டோஸின் அனுமதியோடு.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். சத்தம் குறையும் நேரத்தில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தைத் தொட்டு எண்ணைப் பாருங்கள். எண்ணும் சேர்ந்து இறங்குகிறது என்றால் கீபோர்டில் வால்யூம் பட்டன் சிக்கியிருக்கலாம் (டீ கொட்டின கீபோர்டுகளில் சகஜம்), ஹெட்செட் வயரில் இருக்கும் சக்கரம் பழுதாகியிருக்கலாம், அல்லது ஏதாவது ஒரு நிரல் அதை இழுக்கலாம். கீபோர்டையும் ஹெட்செட்டையும் கழற்றிவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். எண் அசையாமல் 100-லேயே நிற்க, சத்தம் மட்டும் குறைகிறது என்றால், கதையே வேறு.

லாஸ்பேட்டையிலிருந்து ஒரு அம்மா வந்தார், வீட்டிலிருந்தே ஆன்லைனில் பிரெஞ்சு சொல்லிக் கொடுப்பவர். வகுப்பில் பிள்ளைகளுக்கு உச்சரிப்பு கேட்க ஒரு வீடியோவை ஓடவிட்டால் அவருக்கே காதில் விழவில்லை, வகுப்பு முடிந்து ஜன்னலை மூடினாலும் சில நாள் அப்படியே இருக்கிறது. வேறொரு இடத்தில் ஃபார்மேட் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வீடியோ கால் மென்பொருளைத் திரும்பப் போட்டதும் பழைய குருடி கதவைத் திறடி. லேப்டாப்பை வாங்கிப் பார்த்தால், கால் எதுவும் ஓடாதபோதும் டாஸ்க்பாரில் சின்னதாக ஒரு மைக் படம். மேடம் ஜன்னலைத்தான் மூடியிருக்கிறார், நிரல் உள்ளே மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

விஷயம் என்னவென்றால், 2009-இல் வந்த விண்டோஸ் 7-லிருந்தே இப்படி ஒரு வசதி இருக்கிறது. யாரோ உங்களோடு கால் பேசுகிறார்கள் என்று விண்டோஸ் நினைத்தால், பேச்சு தெளிவாகக் கேட்கட்டும் என்று மற்ற எல்லாச் சத்தத்தையும் 80 சதவீதம் குறைத்துவிடும். நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் அதுதான் நடக்கும், அதனால்தான் ஃபார்மேட் போட்டும் பயனில்லை. நல்ல எண்ணத்தில் செய்ததுதான், ஆனால் இப்படிச் செய்கிறேன் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் செய்வதுதான் எனக்குப் பிடிக்காதது.

மாற்றுவது சுலபம். கன்ட்ரோல் பேனலில் சவுண்ட் என்பதைத் திறந்து, கடைசியில் இருக்கும் கம்யூனிகேஷன்ஸ் டேபுக்குப் போய், 'டூ நத்திங்' என்பதைத் தேர்ந்து ஓகே கொடுங்கள். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய்க் கீழே இறங்கினால் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' இருக்கும், அதே பழைய ஜன்னல்தான் திறக்கும். பாட்டை ஒருமுறை நிறுத்தி மறுபடி ஓடவிடுங்கள். டிஸ்கார்ட் மாதிரி சில நிரல்களுக்குள்ளேயே இதே வேலையைச் செய்யும் தனி அமைப்பு உண்டு, அதையும் பார்த்துவிடுங்கள்.

அதிலும் சரியாகவில்லையா? ஸ்பீக்கர் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து வால்யூம் மிக்ஸரைத் திறந்தால் ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனி அளவு தெரியும். என்றைக்கோ யாரோ பிரவுசரை 20-க்கு இழுத்துவிட்டிருப்பார்கள், அது அப்படியே நினைவில் இருக்கும். புளூடூத் ஹெட்செட் போடுபவர்களுக்கு இன்னொரு தொல்லை: மைக் பயன்பாட்டுக்கு வந்ததும் ஹெட்செட் கால் பேசும் முறைக்கு மாறி, பாட்டு பழைய டெலிபோனில் கேட்பதுபோல ஆகிவிடும். கால் மென்பொருளில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைக் கொடுத்தால் பெரும்பாலும் போதும்.

எந்த நிரல் என்றே தெரியவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பட்டியலைப் பாருங்கள். பாதியை டிஸேபிள் செய்து ரீஸ்டார்ட் பண்ணுங்கள். சரியாகிவிட்டதா, அந்தப் பாதியில்தான் குற்றவாளி. அதை மறுபடி பாதியாக்குங்கள். ஆன்டிவைரஸையும் ஆடியோ டிரைவரோடு வருவதையும் மட்டும் தொடாதீர்கள். அப்புறம், தயவுசெய்து இணையத்தில் கிடைக்கும் 'வால்யூம் பூஸ்டர்' எதையும் இறக்காதீர்கள். சத்தம் குறைகிறது என்று அதைப் போட்டு, விளம்பர வைரஸைச் சேர்த்துக்கொண்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இத்தனையும் பார்த்தும் சத்தம் ஏறவில்லை என்றால் அப்போது மிஷினைச் சந்தேகப்படலாம். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பக்கம் கடலை ஒட்டி வீடு இருந்தால் உப்புக்காற்றில் ஹெட்போன் ஜாக் துருப்பிடித்து, ஹெட்போன் சொருகாமலே சொருகியதாகக் காட்டும். அதைக் கழற்றிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கடைக்குக் கொண்டு வரும்போது நீங்கள் வழக்கமாகப் போடும் ஹெட்செட்டையும் எடுத்து வாருங்கள், பாதிப் பேர் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.