வாரத்துக்கு இரண்டு நாள் வந்தால் போதுமாம்

போன வருடம் ஒரு நேர்முகத் தேர்வு. நான் கிளிநொச்சியில் என் வீட்டு விறாந்தையில், முகாமையாளர் கொழும்பில், விண்ணப்பித்த பிள்ளை முல்லைத்தீவு மாவட்டத்தில், புதுக்குடியிருப்புக்கு அங்கால் ஒரு வளவில். வீட்டுக்குள் சிக்னல் வராது என்று கிணற்றடி மாமரத்துக்குக் கீழே கதிரை போட்டு இருந்தாள். நன்றாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு அலறல். முகாமையாளர் பதறிப்போய், "அங்கே யாராவது அழுகிறார்களா?" என்று கேட்டார். "இல்லை சேர், மயில்" என்றாள் பிள்ளை.

அவள் தேறிவிட்டாள். முகாமையாளருக்கும் பிடித்திருந்தது. ஆனால் வேலை சரிவரவில்லை. மயிலும் காரணமில்லை, சிக்னலும் காரணமில்லை. "வீட்டிலிருந்தே செய்யலாம், வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் வந்தால் போதும்" என்றது நிறுவனம். கொழும்புக்குப் பக்கத்தில் நுகேகொடையில் இருப்பவருக்கு அது பெரிய சலுகை. இந்தப் பிள்ளைக்கோ மாங்குளம் சந்திக்கு வந்து ஏ9 வீதியில் இரவு பஸ் பிடிக்க வேண்டும். போக ஓர் இரவு, வர ஓர் இரவு, நடுவில் தங்க ஓர் அறை. மாதத்தில் எட்டு நாளுக்கு மட்டும் என்று கொழும்பில் யார் அறை தருவார்கள்? முழு மாத வாடகை கட்ட வேண்டும். முழு வாடகை கட்டினால் அங்கேயே இருந்துவிடலாம். அவளுக்கு அந்த இரண்டு நாளும் ஐந்து நாளும் ஒன்றுதான்.

பதினான்கு வருடமாக ஆட்சேர்ப்பு வேலை செய்கிறேன். முதல் ஒன்பது வருடம் கொழும்பில், பிறகு இங்கே. "அக்கா, சில கொம்பனி வீட்டிலிருந்து வேலை செய்ய விடுது, சிலது விடுதில்லை, ஏன்?" என்று வன்னிப் பிள்ளைகள் அடிக்கடி கேட்பார்கள். இணைய வேகம், வேலைத் திறமை என்று அவர்களாகவே பதிலும் சொல்வார்கள். நான் கண்டவரை அவை பெரும்பாலும் சாட்டுத்தான். ஒரு நிறுவனம் தன்னுடைய தேவைக்காக விடுகிறது, தன்னுடைய பயத்துக்காக மறிக்கிறது. எந்தத் தேவைக்காக விட்டது என்று தெரிந்தால், எவ்வளவு காலம் விடும் என்பதும் ஓரளவு தெரியும்.

வேறு வழியில்லாமல் விட்டவை ஒரு வகை. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது, அதுவரை "எங்கள் வேலையை வீட்டிலிருந்து செய்யவே முடியாது" என்று அடித்துச் சொன்ன நிறுவனங்கள்கூட ஒரு கிழமைக்குள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பின. 2022இல் பெற்றோல் வரிசை வந்தது. ஜூன் மாதம் அரச ஊழியர்களையே வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னது அரசாங்கம். அந்த வருடம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு. கரண்ட் இல்லாத நேரத்தில் எப்படி வீட்டிலிருந்து வேலை செய்வது என்று யாரும் கேட்கவில்லை. நாங்கள் கார் பற்றரியில் ரவுட்டரைக் கொழுவி ஒப்பேற்றினோம். வரிசை குறைந்ததும் கொழும்பிலிருந்து மின்னஞ்சல் வந்தது, எல்லோரும் திரும்பி வரவும் என்று. வந்ததற்கு என்ன காரணமோ அது போனால் சலுகையும் போகும்.

செலவுக்காக விடுபவை இன்னொரு வகை. கட்டிட வாடகை, ஏசி, மேசை, கதிரை, மதியச் சாப்பாடு எல்லாம் மிச்சம். மிச்சம் பிடிக்கட்டும், பிழையில்லை. ஆனால் அந்தச் செலவு மறைந்துபோவதில்லை, எங்கள் வீட்டுக்கு இடம்மாறி வருகிறது. ஓர் ஒக்ரோபர் மாதம் பின்னேர இடிமழையில் என் ரவுட்டரும் மடிக்கணினியின் சார்ஜரும் ஒன்றாகக் கருகின. வன்னியில் இருப்பவர்களுக்கு இது புதுக்கதை இல்லை. வானம் கறுத்தால் பிளக்கைக் கழற்ற வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் நான் ஒரு கூட்டத்தில் இருந்தேன், எழும்பவில்லை. அப்போது வேலை செய்த நிறுவனத்திடம் கேட்டபோது, "வீட்டுச் சாமானுக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று பதில் வந்தது. அலுவலகத்தில் எரிந்திருந்தால் யாருடைய பொறுப்பு என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

இந்த வகையில் இன்னொரு தந்திரமும் இருக்கிறது. வெளியூர்ப் பிள்ளையை ஊழியர் என்று எழுதாமல் "ஆலோசகர்" என்று எழுதுவார்கள். ஊழியர் என்றால் நிறுவனம் சம்பளத்தில் 12 வீதத்தை ஊழியர் சேமலாப நிதிக்கும் 3 வீதத்தை ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கும் கட்ட வேண்டும். ஒரு இலட்சம் சம்பளத்துக்கு மாதம் 15,000 ரூபாய். ஆலோசகருக்கு அது ஒன்றுமில்லை. காலை எட்டரைக்கு லொகின், அவர்கள் தந்த கணினி, அவர்கள் சொல்லும் வேலை, லீவுக்கு அவர்களிடம் அனுமதி, ஆனால் ஆலோசகராம்! இப்படி ஒரு ஒப்பந்தம் கையில் இருந்தால் கையெழுத்துப் போட முன்னரோ பின்னரோ தொழில் திணைக்களத்தில் ஒருமுறை கேளுங்கள். பேரை மாற்றியதால் மட்டும் கடமை மாறிவிடாது.

மூன்றாவது வகை, நல்ல ஆட்களைப் பிடித்துவைக்க விடுபவை. நீடித்து நிற்பது பெரும்பாலும் இதுதான். சீனாவில் சிட்ரிப் என்ற பயண முகவர் நிறுவனம் 2010இல் இதைப் பரீட்சித்துப் பார்த்தது. ஷங்காய் அழைப்பு மையத்தில் விரும்பி வந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை ஒன்பது மாதம் வாரத்துக்கு நாலு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டார்கள். வேலை 13 வீதம் கூடியது, வேலையை விட்டுப் போவோர் தொகை பாதியாகக் குறைந்தது. எல்லோரும் எடுத்துக் காட்டுவது இந்த இரண்டு எண்களையும்தான். காட்டாத பக்கமும் ஒன்று உண்டு. அதே அளவு திறமை காட்டினாலும் வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. பரீட்சை முடிந்து திரும்பத் தெரிவுசெய்யச் சொன்னபோது பாதிக்கு மேற்பட்டவர்கள் மனம் மாறினார்கள். கண்ணில் படாதவரின் பெயர் பதவி உயர்வு நேரத்தில் வாயிலும் வராது. ஷங்காய்க்கும் கொழும்புக்கும் இதில் வித்தியாசமில்லை.

அதே நிறுவனத்தில் பிறகு 1,612 பேரை வைத்துச் செய்த இன்னோர் ஆய்வு 2024இல் வெளிவந்தது. வாரத்தில் இரண்டு நாள் வீடு, மூன்று நாள் அலுவலகம். வேலையில் குறைவில்லை, விலகுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தனர். "பார்த்தீர்களா, அரைக்கு அரைதான் சரி" என்று எங்கள் முகாமையாளர்கள் காட்டுவது இதைத்தான். சரி. ஆனால் அந்த 1,612 பேரும் வாரத்துக்கு மூன்று நாள் அலுவலகம் போய்வரக்கூடிய தூரத்தில் இருந்தவர்கள். கிளிநொச்சியிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 330 கிலோமீற்றர். அந்தக் கணக்கு எங்களுக்குப் பொருந்தாது.

இனி மறிப்பவர்கள். முதல் காரணம், பார்க்காமல் நம்பப் பழகவில்லை. மைக்ரோசொப்ற் 2022இல் பல நாடுகளில் கேட்டபோது ஊழியர்களில் 87 வீதமானோர் நன்றாக வேலை செய்கிறோம் என்றார்கள். தங்கள் ஆட்கள் நன்றாக வேலை செய்கிறார்கள் என்று முழுதாக நம்பிய தலைமைகள் 12 வீதம். எல்லோரையும் வீட்டிலிருந்து பேசவைத்த சூம் நிறுவனமே 2023இல், அலுவலகத்துக்குக் கிட்ட இருக்கும் ஊழியர்களை வாரத்துக்கு இரண்டு நாள் வரச் சொன்னது.

இந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்குத் தகுதி குறைவு. ஒரு காலத்தில் நானே மவுஸ் அசைவை எண்ணும் மென்பொருளை என் குழுவுக்குப் போட்டேன். முதல் மாதம் அதிகப் புள்ளி எடுத்த பொடியனை எல்லோருக்கும் முன்னால் பாராட்டினேன். பிறகுதான் தெரிந்தது, மவுஸ் வயரைத் திரும்பும் மேசை விசிறியில் கட்டிவைத்துவிட்டு அவன் கிரிக்கெட் விளையாடப் போயிருக்கிறான். ஆகக் குறைந்த புள்ளி எடுத்த தங்கச்சி கொப்பியில் வரைந்து வரைந்து யோசிப்பவள், அந்த மாதம் மூன்று பெரிய சிக்கல்களைத் தீர்த்தவள். அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதியதும் நான்தான். எதை அளப்பது என்று தெரியாததால் அளக்கக்கூடியதை அளந்தேன். வேலையை எழுதிக் கொடுத்து, முடிந்ததை எழுதி வாங்கத் தெரியாத முகாமையாளருக்கு ஆளைக் கண்ணால் பார்த்தால்தான் நிம்மதி.

எல்லா மறுப்பும் பிடிவாதமில்லை. வங்கி அட்டை விபரம், நோயாளர் கோப்பு கையாளும் வேலையில் வாடிக்கையாளரே பூட்டிய அறை கேட்பார். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. விறாந்தையில் இருந்து அதைச் செய்ய முடியாது. புதிதாக வருபவர்கள் விடயத்திலும் நான் நிறுவனத்தின் பக்கம்தான். அறிவியல் நகர், பம்பைமடு பல்கலைக்கழக வளாகங்களில் படித்து முடித்து நேரே வீட்டிலிருந்து முதல் வேலை தொடங்கும் பிள்ளைகள் திணறுவதைப் பார்க்கிறேன். பக்கத்து மேசைக்காரர் போனில் எப்படிச் சமாளிக்கிறார் என்று காதில் விழுந்து படிப்பது ஒன்று இருக்கிறது, அதை எந்தக் காணொளியும் தராது. வீட்டில் வேறு தொந்தரவும் உண்டு. "நீ வீட்டிலதானே நிக்கிறாய், ஒருக்கா விதானையாரிட்டப் போயிட்டு வா" என்று மாமி சொல்வார். பெண் பிள்ளைகளுக்கு இது இரட்டிப்பு. கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954இல் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என்று எழுதியது. மாமிக்கு அது தெரியாது.

அதனால் வன்னியிலிருந்து நேர்முகத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, நீங்களும் கேள்வி கேளுங்கள். கொழும்புக்கு வெளியே ஏற்கனவே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? உங்கள் மேலாளர் எங்கே இருந்து வேலை செய்கிறார்? அவர் அலுவலகத்தில், நீங்கள் மட்டும் வெளியில் என்றால் யோசியுங்கள். கூட்டத்தில் எடுத்த முடிவை எழுதி அனுப்புவார்களா, அல்லது தேநீர் குடிக்கும்போது பேசி முடித்துவிடுவார்களா? ரவுட்டர் எரிந்தால் யார் காசு? கேட்டால் வேலை தரமாட்டார்களோ என்று பயப்படுவார்கள். இவ்வளவு காலத்தில் இந்தக் கேள்விகளுக்காக நான் யாரையும் கழித்ததில்லை.

அந்த மாமரத்துப் பிள்ளையின் கதை இன்னும் முடியவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் அதே முகாமையாளரிடம் வேறொரு கணக்கு வைத்தேன். வாரத்துக்கு இரண்டு நாள் வேண்டாம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு முழுக் கிழமை வரட்டும். முகம் பார்க்க, பழக, படிக்க அது போதும். அவளுக்கு வெள்ளவத்தையில் சித்தி வீடு இருக்கிறது, ஒரு கிழமைக்கு யாரும் வாடகை கேட்கமாட்டார்கள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இப்படி நான் நினைத்தே பார்க்கவில்லை" என்றார். பொய்யில்லை, அவர் வீடு அலுவலகத்திலிருந்து இருபது நிமிடம்.

போனில் சரி சொல்லிவிட்டார். நியமனக் கடிதமும் வந்தது. ஆனால் "பணியிடம்" என்ற வரியில் கொழும்பு என்றுதான் இருக்கிறது. "சேர் வாயால சொன்னவர்தானே அக்கா, காணாதோ?" என்று கேட்டாள். காணாது. அந்த வரியில் முல்லைத்தீவு என்று மாற்றித் தரச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறோம். இன்றோடு ஒன்பது நாள்.