சூரிய சக்தி பம்புசெட்: மானியம் எங்கே சிக்கிக்கொள்கிறது?

மின் இணைப்பு இல்லாத விவசாயிகளுக்குச் சூரிய பம்புசெட் தருவது ஒன்றிய அரசின் பிஎம்-குசும் என்ற சூரிய சக்தித் திட்டத்தின் ‘பி’ பிரிவு. 2019-இல் வந்தது. ஒன்றிய அரசு 30 சதவீதம், மாநில அரசு குறைந்தது 30 சதவீதம் போடும். மீதி உங்கள் பங்கு. தமிழ்நாட்டில் வேளாண் பொறியியல் துறை நடத்துகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினரில் சிறு, குறு விவசாயிகளுக்கு மானியம் இன்னும் கூடும். இவ்வளவும் நோட்டீஸிலேயே இருக்கிறது. அதில் இல்லாததுதான் ஆளை அலைக்கழிக்கிறது.

முதலில் குறுவட்டம், அதாவது சில கிராமங்கள் சேர்ந்த பிர்கா. நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட இடங்களில் புது பம்புசெட் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் டீசல் இன்ஜினை மாற்றிக்கொள்ளலாம், அதுவும் சொட்டுநீர் போன்ற நுண்ணீர்ப் பாசனத்தோடு. இதை முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை. கடன் வாங்கி போர் போட்ட பிறகுதான், ‘உங்க பிர்காவுக்கு வராதே’ என்பார்கள். ரிக் வண்டியைக் கூப்பிடும் முன்பே வேளாண் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் உங்கள் குறுவட்டம் எந்த வகையில் இருக்கிறது என்று விசாரித்துவிடுங்கள்.

அடுத்தது காகிதம். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் விண்ணப்பம் நகராது. பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். கூட்டுப்பட்டா என்றால் மற்ற பங்காளிகளின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். கிராமத்தின் சாகுபடிக் கணக்கான அடங்கலில் கிணறு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வயலில் கிணறு கண்ணுக்குத் தெரிந்தாலும் அடங்கலில் இல்லையென்றால் அலுவலகத்துக்கு அது கிணறே அல்ல. கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ப் பதியவைக்க வேண்டும். ஆதாரில் ஒரு இனிஷியல், பட்டாவில் வேறு இனிஷியல் என்றாலும் திருப்பி அனுப்புவார்கள். சிறு விவசாயி என்றால் 5 ஏக்கர் வரை, குறு விவசாயி 2.5 ஏக்கர் வரை. சான்று இ-சேவை மையம் வழியாக வாங்க வேண்டும்.

இலவச மின் இணைப்புக்கு ஏற்கெனவே பதிந்து காத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உறுதிமொழித் தாளில் உங்கள் பதிவு மூப்பைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வரிவரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். நகல் கையில் இருக்கட்டும். வெற்றுத் தாளில் கையெழுத்து மட்டும் கூடவே கூடாது.

எச்.பி. (மோட்டாரின் குதிரைத்திறன்) தேர்வில் ஏமாறுவது அதிகம். ஒன்றிய அரசு வகுத்த பொதுக் கணக்கில் மானியம் 7.5 எச்.பி. வரைக்கான விலைக்குத்தான், அதற்கு மேல் எடுத்தால் கூடுதல் விலை முழுக்க உங்கள் தலையில். போரின் ஆழத்தைச் சொல்லிப் பம்பு கேட்காதீர்கள். கோடையில் மோட்டார் ஓடும்போது தண்ணீர் எந்த அடிக்கு இறங்குகிறதோ, அதைச் சொல்லுங்கள். இதில் பிசகினால் காலை வெயிலிலும் மாலை வெயிலிலும் தண்ணீர் மேலே ஏறாது.

பண்ணைக்குட்டை மேல் மிதக்கும் சூரியத் தகடு போட்டால் நீர் ஆவியாவதும் குறையும், அதற்கும் இதே மானியம் உண்டு என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். தகடு, தாங்கி, கன்ட்ரோலர், பம்பு, நிறுவும் கூலி, இவற்றுக்குத்தான் கணக்கு. மிதவைச் செலவு அதில் வராது.

பொருத்தும் நாளில் தகடுகளை எண்ணுங்கள். பின்பக்க ஸ்டிக்கரில் வாட் அளவு இருக்கும். 5 எச்.பி.க்கு மொத்தம் 4,800 வாட் வேண்டும். 540 வாட் தகடு என்றால் 9 போட்டால்தான் அது தேறும். 8 போட்டால் 4,320-தான். தண்ணீர் கொட்டும் முன்பே ‘பணி முடிந்தது’ படிவத்தை நீட்டுவார்கள். ஓட்டிப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். 5 ஆண்டுப் பராமரிப்பு அந்த நிறுவனத்தின் பொறுப்பு. உத்தரவாத அட்டையையும் வரிசை எண்களையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள், பிறகு போனை எடுக்க மாட்டார்கள்.

பதிவுக் கட்டணம் கேட்கும் போலி இணையதளங்கள் நிறைய உலவுகின்றன. உங்கள் பங்குத் தொகையை எந்தத் தனிநபர் கணக்குக்கும் அனுப்பாதீர்கள். எங்கே கட்ட வேண்டும் என்பதைத் துறை அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.

கடைசியாக எல்லோரும் கேட்கும் பதில், ‘இந்த வருஷ இலக்கு முடிஞ்சுபோச்சு’. ஒப்புகைச் சீட்டும் முன்னுரிமை எண்ணும் வாங்காமல் வெளியே வராதீர்கள். தர மறுத்தால், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள்: என் விண்ணப்பம் எந்தத் தேதியில் பதிவானது, வரிசையில் எத்தனையாவது, இப்போது எந்த அலுவலரிடம் இருக்கிறது. பதில் தர 30 நாள்தான் அவகாசம். கோப்பு பெரும்பாலும் அதற்குள் நகர ஆரம்பித்துவிடும்.