எஸ்டேட் ஓரமா மலை ஏறப் போறீங்களா? பன்னி வேட்டை நடக்குற இடம், கொஞ்சம் கவனிச்சுப் போங்க

மலேசியாவுல, கேஎல்ல (கோலாலம்பூர்) இருந்து சனி ஞாயிறுல ஹைக்கிங் குரூப் கூட்டிட்டுப் போறதுதான் என் தொழில். புதுசா வர்றவங்க எல்லாரும் அட்டை கடிக்குமா, பாம்பு இருக்குமா, புலி வருமான்னு கேப்பாங்க. துப்பாக்கியைப் பத்தி இதுவரைக்கும் யாரும் கேட்டதே இல்ல, ஆனா நான் கூட்டிட்டுப் போற பாதையில எனக்கு மனசு அடிச்சுக்கிற விஷயம் அதுதான், அதனாலதான் இதை எழுதுறேன்.

நம்ம நாட்டுல காட்டுப்பன்னி வேட்டைக்கு இந்தத் தேதியில ஆரம்பம் இந்தத் தேதியில முடிவுன்னு யாரும் வாசல்ல போர்டு மாட்டி வைக்கிறது இல்ல. டுரியான் விழுற மாசங்கள், செம்பனை (எண்ணெய்ப்பனை) மறுநடவு பண்ணி கன்னு சின்னதா இருக்குற காலம், இந்த ரெண்டுலயும் தோட்டக்காரங்க தொல்லை தாங்காம ஆள் கூப்பிடுவாங்க. பன்னி ஒரு ராத்திரியில கன்னைத் தோண்டி குருத்தைத் தின்னுட்டுப் போயிடும், பெரிய மரத்துக்குக் கீழ உதிர்ந்து கிடக்குற பழத்துக்கும் வரும். அது வர்ற நேரம் பொழுது சாயும்போதும் விடியறதுக்கு முன்னாடியும். இப்ப நம்ம ஆளுங்க எத்தனை மணிக்குக் கிளம்புறாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. கேஎல்ல சூரியன் வர்றதே ஏழு மணி வாக்குலதான், ஆனா நுவாங் மலைக்குப் போறவங்க விடியக்காலை அஞ்சு மணிக்கெல்லாம் பாதை ஆரம்பிக்கிற பங்சூன்ல காரை நிறுத்திட்டு நடக்க ஆரம்பிச்சிடுவாங்க, 1493 மீட்டர் ஏறி இறங்கணும்ல, மெதுவா நடக்குறவங்க திரும்பி வரும்போது இருட்டிடும். அதாவது பன்னி, வேட்டைக்காரர், நாம, மூணு பேரும் ஒரே நேரத்துல ஒரே ஓரத்துல நிக்கிறோம்.

அதனால நான் திரும்பத் திரும்ப சொல்றது, ஆபத்து மலை உச்சியில இல்ல, நடுக்காட்டுலயும் அவ்வளவா இல்ல, எஸ்டேட்டும் காடும் சேர்ற அந்த முதல் அரை மணி நேரமும் கடைசி அரை மணி நேரமும்தான். புக்கிட் காசிங் மாதிரி ஊருக்குள்ள இருக்குற குன்றுல ஏறுறவங்க இதுக்காக பயப்பட வேணாம். உலு லங்காட், உலு யாம், பத்தாங் காலி, கோல குபு பாரு பக்கம் போறவங்க கேட்டுக்கோங்க.

கூட வந்தவரையே காட்டுப்பன்னின்னு நினைச்சு சுட்டுட்டாங்கன்னு பேப்பர்ல செய்தி வரும்போது, மனுசனுக்கும் பன்னிக்கும் வித்தியாசம் தெரியாதான்னு நாம கேக்குறோம். இருட்டுல தெரியாது, அதுதான் உண்மை. மான், புனுகுப்பூனைக்கெல்லாம் கண்ணுக்குப் பின்னாடி கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கு, லைட் அடிச்சா மின்னும். பன்னிக்கு அந்தப் படலமே கிடையாது. அப்ப பன்னிக்குக் காத்திருக்குறவர் எதை வச்சு முடிவு பண்ணுவார்? கறுப்பா ஒரு உருவம், காஞ்ச மட்டை மேல சரசரன்னு ஒரு சத்தம். நாம போடுறது என்ன, கறுப்பு டிரைஃபிட், கறுப்பு டைட்ஸ், கறுப்பு பேக். அதோட ஒருத்தர் பாதையை விட்டு இறங்கி ஒன்னுக்குப் போக புதருக்குள்ள குத்த வச்சு உக்காந்தா, முப்பது மீட்டர் தள்ளி நின்னு பாக்குறவருக்கு அது என்னவா தெரியும்னு நீங்களே சொல்லுங்க.

அதனால என் குரூப்புல ஒருத்தர் ஒதுங்கணும்னா பேக்கைப் பாதை நடுவுல வச்சுட்டு, தலையில லைட்டை அணைக்காம, கூட வந்த ஒருத்தர்கிட்ட பேசிக்கிட்டே போகணும். வெக்கமா இருக்கு கைடுன்னு சொல்ற தங்கச்சிங்க உண்டு. பரவாயில்லம்மா, பாட்டாவது பாடுன்னு சொல்லுவேன். மனுசக் குரல் மாதிரி பாதுகாப்பு எதுவும் கிடையாது, ஏன்னா நடக்குற சத்தம் பன்னிக்கும் நமக்கும் ஒன்னுதான், பேச்சு மட்டும்தான் நம்மளது.

அடுத்து கலர். ஹார்ட்வேர் கடையில விக்கிற பளபளக்குற வெஸ்ட் போதும், விலை அதிகம் இல்ல, ஆனா ஆரஞ்சு வாங்குங்க. மோட்டார்காரங்க போடுற அந்த எலுமிச்சைப் பச்சை ரோட்டுல நல்லா தெரியும், இளஞ்செம்பனை ஓலைக்கு நடுவுல நின்னா இலையோட இலையா போயிடும். ஆரஞ்சு போட்டா மிருகம் ஓடிடும்னு வேட்டைக்காரங்களே சில பேர் நினைக்கிறாங்க, ஆனா பன்னிக்கும் மானுக்கும் ஆரஞ்சு நம்ம கண்ணுக்குத் தெரியிற மாதிரி பளிச்சுன்னு தெரியாது, அதனாலதான் பல நாட்டுல வேட்டைக்காரங்களையே அந்தக் கலர் போட வைக்கிறாங்க. இன்னொன்னு, எல்லாரும் செய்யிற தப்பு: வெஸ்ட்டைப் போட்டுட்டு அது மேல பேக்கை மாட்டிடுவாங்க. பின்னாடி இருந்து பாத்தா வெஸ்ட்டே தெரியாது, கறுப்பு மூட்டைதான் அசையும். பேக் மேல ஆரஞ்சு மழைக்கவர் ஒன்னு மாட்டுங்க, தலைக்கும் ஒரு ஆரஞ்சு தொப்பி. நாயைக் கூட்டிட்டு வர்றவங்க நாய்க்கும் ஒரு துணி கட்டுங்க.

உலு யாம் பக்கம் எஸ்டேட்ல ரொம்ப வருசமா லைசென்ஸ் வச்சு பன்னி சுடுற ஒரு அண்ணன் இருக்காரு. குரூப் கூட்டிட்டுப் போறதுக்கு முந்தின நாள் அவருக்கு போன் போட்டுடுவேன். ஒரு தடவை பேசும்போது சொன்னாரு, "தம்பி, நாங்க பாத்துதான் சுடுவோம், ஆனா பாக்குறதுக்கு நீங்க ஏதாவது காட்டணும்ல." அன்னைக்கு எந்தப் பக்கம் ஆளு உக்காந்திருக்கு, எத்தனை மணி வரைக்கும் இருப்பாங்கன்னு அவரே சொல்லிடுவாரு. இப்படி ஒருத்தரைத் தெரிஞ்சு வச்சுக்கிறது கஷ்டமே இல்ல. எஸ்டேட் ஜாகா (காவல்காரர்), காலையில ரொட்டி சானாய் போடுற கடைக்காரர், தோட்டத்து மண்டோர் (மேஸ்திரி), யார்கிட்டயாவது நின்னு "இன்னைக்குப் பன்னி சுடுறாங்களாண்ணே"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. புக்கிட் குத்து போறவங்க கம்போங் பெர்த்தாக் வழியாதான போறீங்க, அது ஓராங் அஸ்லி, அதாவது பூர்வகுடி மக்களோட ஊரு, அவங்க சாப்பாட்டுக்காக சில மிருகங்களை வேட்டையாட 2010 வனவிலங்குச் சட்டமே இடம் குடுக்குது, நாமதான் அவங்க இடத்துல விருந்தாளி. ஹுத்தான் சிம்பானுக்குள்ள (அரசு ஒதுக்கின காடு) போறதுக்கு வனத்துறை பெர்மிட்டும் எடுத்துடுங்க, நீங்க உள்ள இருக்கீங்கன்னு யாருக்காவது தெரியும்ல.

வெடிச் சத்தம் கேட்டா என்ன பண்ணணும்? பலர் உடனே புதருக்குள்ள ஓடி ஒளியப் பாப்பாங்க, அது ரொம்பத் தப்பு, புதர் அசையும். கையையும் ஆட்டாதீங்க. நின்ன இடத்துல நின்னு, பெரிய மரம் பக்கத்துல இருந்தா அதுக்குப் பின்னாடி போய், அடித்தொண்டையில "ஆடா ஓராங்! ஜாஙான் தெம்பாக்!"னு (ஆளு இருக்கு, சுடாதீங்க) மலாய்ல கத்துங்க, விசில் ஊதுங்க, பதில் குரல் வர்ற வரைக்கும் விடாதீங்க. அவங்க போடுற பெரிய ரவைத் தோட்டா ஒன்னுல ஒன்பது குண்டு வரைக்கும் இருக்கும், போகப் போக விரிஞ்சுக்கிட்டே போகும், குறி தப்பினது சில நூறு மீட்டர் தாண்டியும் ஆளைக் காயப்படுத்தும்.

நாய்ங்க கூட்டமா குரைச்சுக்கிட்டு உங்க பக்கம் வந்தா, நாயை விட அதுக்கு முன்னாடி ஓடி வர்ற பன்னியைத்தான் பாக்கணும். பாதையை விட்டு ஒதுங்கி மரத்துக்குப் பின்னாடி நில்லுங்க, ஓடாதீங்க. அடிபட்ட பன்னி திரும்பிப் பாயும்.

துப்பாக்கி மட்டும் இல்ல. டுரியான் தோட்டத்துல பன்னிக்காக கரண்டுக் கம்பி இழுத்து விடுறவங்க இருக்காங்க, முழங்கால் உயரத்துல மெல்லிசா, அதனால மனுசங்களும் செத்திருக்காங்க. விழுந்து கிடக்குற பழத்துக்கு ஆசைப்பட்டு வேலி தாண்டாதீங்க. காட்டுக்குள்ள குச்சியை நட்டு வேலி மாதிரி வச்சு நடுநடுவுல சந்து விட்டிருந்தா அந்தச் சந்துல கேபிள் கம்பிக் கண்ணி இருக்கும். நம்ம மலாயாப் புலி 150க்கும் கீழ போனதுக்கு இந்தக் கண்ணியும் ஒரு பெரிய காரணம்னு நினைக்கும்போது வயிறு எரியுது. நீங்களா பிடுங்கப் போகாதீங்க, போட்டோ எடுத்து லொக்கேஷனோட பெர்ஹிலித்தானுக்கு (வனவிலங்குத் துறை) 1-800-88-5151ல சொல்லுங்க.

வேட்டைக்குப் போற நம்ம அண்ணன்மாரும் இதைப் படிப்பீங்க, உங்ககிட்டயும் கேக்குறேன். சத்தத்தை வச்சு சுடாதீங்க, முழு உருவமும் அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னும் தெரிஞ்சா மட்டும் விசையில விரல் போகட்டும். காண் (வாய்க்கால்) தாண்டும்போது துப்பாக்கியை மடிச்சு தோட்டாவை வெளிய எடுத்துடுங்க. ஹைக்கர்ஸ் நுழையிற வாசல்ல வண்டி மேல ஒரு ஆரஞ்சு துணி போட்டுட்டுப் போனாலே, உள்ள நீங்க இருக்கீங்கன்னு நாங்க புரிஞ்சுக்குவோம்.

இவ்வளவும் மீறி ஒருத்தருக்கு அடிபட்டுட்டா முதல்ல 999. துணியை காயத்து மேல வச்சு ரெண்டு கையாலயும் அழுத்துங்க, எடுத்து எடுத்துப் பாக்காதீங்க, நனைஞ்சா அது மேலயே இன்னொரு துணி. கை காலா இருந்து ரத்தம் நிக்கவே இல்லன்னா காயத்துக்கு மேல நாலு விரல் தள்ளி, மூட்டு மேல படாம அகலமான பட்டையால இறுக்கிக் கட்டி, கட்டின நேரத்தை அவர் கையிலயே எழுதுங்க. குண்டைத் தோண்டி எடுக்காதீங்க, தண்ணி கேட்டாலும் குடுக்காதீங்க, மேல ஒரு ஜாக்கெட் போர்த்தி விடுங்க. லைன் கிடைக்கலன்னா ரெண்டு பேரா சேர்ந்து கீழ இறங்கட்டும், அந்த ரெண்டு பேரும் ஆரஞ்சைக் கழட்டாம போகட்டும்.