பின்கண்ணாடில கோடு இல்லாத இசட்டிஐ

ஏற்காட்டுல இருக்கற எங்க மாமா செகண்ட்ஸ்ல ஒரு மாருதி டீசல் கார் எடுக்கணும்னு மலை இறங்கி சேலம் வந்து, புது பஸ் ஸ்டாண்டுல ஆரம்பிச்சு அஞ்சு ரோடு வரைக்கும் பழைய கார் விக்கற கன்சல்டிங் ஒன்னு விடாம ஏறி இறங்கிட்டு, சாயங்காலம் எனக்கு போன் பண்ணாரு. "மாப்ள, டாப் மாடல்டா, இசட்டிஐ. பின்னாடியே எழுதியிருக்கு. அதுக்கு கீழ் படி விடிஐ விலைக்குத் தர்றேங்கறான், அட்வான்ஸ் போட்டுரட்டுமா?" இருங்க மாமா நான் வர்றேன்னு வண்டிய எடுத்துட்டு போனேன்.

வண்டி பளபளன்னு நின்னுச்சு. டிக்கி கதவுல இசட்டிஐன்னு குரோம் எழுத்து, நாலு சக்கரத்துலயும் அலாய், டயருக்கு கருப்பு பாலீஷ் வேற. நான் முன்னாடி போகாம பின்னாடி போயி கண்ணாடிய பாத்தேன். சுத்தமா இருந்துச்சு, அதான் பிரச்சனையே. அந்த மாடல்ல டாப் வேரியன்ட்டுக்கு பின்கண்ணாடில தலைமுடி மாதிரி மெல்லிசா பிரவுன் கலர்ல கோடு கோடா போகும், டீஃபாகர். இதுல ஒரு கோடு கூட இல்ல. பின் வைப்பரும் இல்ல, சரி கழட்டிட்டாங்கன்னு வச்சாலும் கண்ணாடிக்கு கீழ அதுக்கான ஓட்டையாச்சும் இருக்கணும்ல, அதும் இல்ல. "மாமா, இது விடிஐங்க"ன்னேன். கடைக்காரர் சிரிச்சிக்கிட்டே "முன்னாடி ஓனர் ஆசைக்கு ஒட்டியிருப்பாருங்க"ன்னாரு. ஆர்சி கார்டை வாங்கிப் பாத்தா மாடல்னு இருக்கற எடத்துல விடிஐன்னு தெளிவா அடிச்சிருக்கு.

பேட்ஜ் சில நூறு ரூவா, டபுள் சைடு டேப்புல ஒட்டிட்டு போயிரலாம். பின்கண்ணாடிய யாரும் பேட்ஜுக்காக மாத்த மாட்டாங்க.

அந்த கோடு என்னன்னு கொஞ்சம் பாத்துட்டா மிச்சம் ஈசியா புரியும். வெள்ளி கலந்த பேஸ்ட்ட கண்ணாடி மேல அச்சடிச்சு சூளைல வச்சு சுட்டுருவாங்க, அது கண்ணாடியோட ஒட்டிக்கும். ரெண்டு பக்கமும் பேட்டரி கரண்ட் குடுத்தா கோடு சூடாகும், உள்பக்கம் படிஞ்ச பனி ஆவியாயிரும். நூறு இருநூறு வாட் இழுக்கும், அதனால மறந்து விட்டுட்டா பேட்டரி காலியாகக் கூடாதுன்னு பத்து பதினஞ்சு நிமிஷத்துல தானா ஆஃப் ஆகற மாதிரி வச்சிருப்பாங்க. ஆக 'டீஃபாகர்'ங்கறது பிரவுஷர்ல ஒரே ஒரு டிக் மார்க், ஆனா வண்டிக்குள்ள அதுக்கு வேற கண்ணாடி வேணும், டேஷ்போர்டுல பட்டன் வேணும், ரிலே வேணும், ஃபியூஸ் வேணும், முன்னாடி இருந்து டிக்கி கதவு வரைக்கும் தடிமனான வயர் வேணும், அந்த வயர் கதவோட சேர்ந்து மடங்கி நிமிர ரப்பர் குழாய் வேணும்.

இப்ப ஃபேக்டரி பக்கம் நின்னு யோசிங்க. இந்த மாதிரி வேணும் வேணாம்னு சொல்லக்கூடிய ஐட்டம் பத்து இருக்குன்னா 2-ஐ பத்து தடவ பெருக்கணும், 1,024 விதமான வண்டி. இருபது ஐட்டம்னா 10,48,576 விதம். அதுக்கு மேல கலர், இன்ஜின், கியர்பாக்ஸ். ஒவ்வொரு விதத்துக்கும் தனியா வயரிங் செட் பண்ணி, சரியான வண்டி வர்ற நிமிஷத்துக்கு சரியான செட்ட லைன்ல கொண்டு வந்து நிறுத்தணும், ஷோரூம்காரன் எதை ஸ்டாக் வைக்கறதுன்னு மண்டைய பிச்சிக்கணும், பத்து வருஷம் கழிச்சு ஸ்பேர் வேணும்னு வந்தா அதையும் குடுக்கணும். நடக்கற காரியமா?

நம்மூரு தட்டுவடை செட் கடைக்காரக்கா இதை ரொம்ப நாளைக்கு முன்னாடியே தீத்துட்டாங்க. கேரட்டு, பீட்ரூட்டு, வெங்காயம், கார சட்னி, புதினா சட்னின்னு அத்தனை டப்பா முன்னாடி இருக்கும், ஆனா ஒவ்வொன்னா வேணுமா வேணாமான்னு கேக்கறதில்ல. செட்டுன்னா செட்டு, நொறுக்கல்னா நொறுக்கல், முட்டை நொறுக்கல்னா அது வேற. ஒரு சொல்லுல மொத்த லிஸ்டும் அடங்கிருது, கை தானா ஓடுது. மாருதியோட எல்எக்ஸ்ஐ விஎக்ஸ்ஐ இசட்எக்ஸ்ஐ எல்லாம் அதே கதைதான். ஐட்டங்கள நாலஞ்சு மூட்டையா கட்டி ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு பேரு. ஃபேக்டரிக்கு சவுகரியம், கம்பெனிக்கு லாபமும் கூட, ஏன்னா உங்களுக்கு பின் வைப்பர் மட்டும் வேணும்னாலும் அதோட அலாய், ஆட்டோ ஏசி, புஷ் பட்டன் எல்லாத்துக்கும் சேத்து காசு கட்டணும். எனக்கு இதுல கடுப்புதான், ஆனா கணக்கு என்னன்னு தெரியறதால திட்ட வாய் வர்றதில்ல.

எழுத்துக்கு எல்லாம் பெரிய அர்த்தம் தேட வேணாம். மாருதில எல், வி, இசட் மூணும் ஏணிப்படி, கீழ, நடுவுல, மேல, அவ்ளோதான். கடைசில வர்ற ஐதான் சுவாரசியம், அது இன்ஜெக்ஷன். கார்புரேட்டர் காலத்துல வெறும் எல்எக்ஸ், விஎக்ஸ்னு ஓடிட்டு இருந்த வண்டிக்கு, 2000-ஐ ஒட்டி புகை விதி இறுகி பெட்ரோல அளந்து பீய்ச்சற இன்ஜெக்டர் வந்தப்ப, 'என்கிட்ட புதுசு இருக்கு'ன்னு காட்ட ஒட்டுன எழுத்து. இன்னிக்கு ஷோரூம்ல கார்புரேட்டர் கார்னு ஒன்னே கிடையாது, ஆனா ஐ மட்டும் எறங்காம ஒட்டிட்டு இருக்கு, போன்ல டயலே இல்லாம நம்பர் டயல் பண்றேன்னு சொல்றோம் பாருங்க அந்த மாதிரி. எக்ஸ் இருந்த எடத்துல டி வந்தா டீசல். 2020 ஏப்ரல்ல பிஎஸ்6ங்கற புகை விதி வந்தப்ப மாருதி டீசலையே விட்டுட்டாங்க, அதோட எல்டிஐ விடிஐ இசட்டிஐ மூணும் செகண்ட்ஸ் மார்க்கெட்டுல மட்டும் வாழற எழுத்தாயிருச்சு.

பிராக்கெட்டுல ஓ போட்டு வரும் பாத்திருப்பீங்க. ஆப்ஷனல். ஒரு காலத்துல கீழ் வேரியன்ட்டுல ஏர்பேக், பிரேக் அடிச்சா சக்கரம் லாக் ஆகாம பாத்துக்கற ஏபிஎஸ் வேணும்னா அந்த ஓ வண்டிய கேட்டு வாங்கணும், உயிர காப்பாத்தற சாமான் பிராக்கெட்டுக்குள்ள இருந்துச்சு. 2019 ஏப்ரல்ல ஏபிஎஸ், ஜூலைல டிரைவர் ஏர்பேக், பின் பார்க்கிங் சென்சார், ஸ்பீடு வார்னிங் எல்லாம் சட்டப்படி கட்டாயம் ஆனதும் அந்த ஓவுக்கு அங்க வேலை போச்சு. ஹூண்டாய்ல எஸ்எக்ஸ் ஓன்னா கதையே வேற, பல மாடல்ல அது எல்லாத்துக்கும் மேல இருந்த படி. அதனால 2019க்கு முந்தின வண்டி எடுக்கறீங்கன்னா ஓ இருக்கா இல்லையாங்கறத ஆர்சில பாருங்க, பேட்ஜுல பாக்காதீங்க.

மஹிந்திரா நம்பர் வச்சாங்க. 2014 ஸ்கார்ப்பியோல எஸ்2, எஸ்4, எஸ்6, எஸ்8, எஸ்10. நடுவுல ஏன் ஒத்தப்படைய காணோம்னு அப்பவே யோசிச்சேன், 2017ல புது ஸ்கார்ப்பியோ வந்தப்ப எஸ்3, எஸ்5, எஸ்7, எஸ்11னு வந்து நின்னுச்சு. எடம் விட்டு நம்பர் போட்டா பின்னாடி பேரு தேடி அலைய வேணாம், தெருவுல காலி மனைய விட்டுட்டு கதவு நம்பர் போடற மாதிரி. டாடாக்காரங்க எக்ஸ்இ, எக்ஸ்எம், எக்ஸ்இசட்னு இருந்துட்டு 2023 நெக்ஸான்ல இருந்து ஸ்மார்ட், ப்யூர், கிரியேட்டிவ், ஃபியர்லெஸ்னு மாத்திட்டாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ப்யூர் மேலயா கிரியேட்டிவ் மேலயான்னு எங்க மாமாகிட்ட கேட்டா ப்யூர்தான்டா மேல, நெய்யில அப்படித்தானன்னுவாரு.

இதுக்கு தலைகீழா நடந்தது ஒன்னு இருக்கு, அமெரிக்கால. அங்க ஜெனரல் மோட்டார்ஸ்ல ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் மூணு எழுத்துல ஒரு கோடு (கண்ணாடி கோடு இல்ல, குறியீடு), ஆர்பிஓன்னு பேரு, ஆர்டர் ஷீட்டுல டிக் அடிக்கறதுக்காக மட்டும். அவங்களோட செவர்லே கமரோ கார் 1967 மாடலா வந்தப்ப இசட்22ன்னா ரேலி ஸ்போர்ட் பேக்கேஜ், இசட்27ன்னா சூப்பர் ஸ்போர்ட். அடுத்த நம்பர் இசட்28. டிரான்ஸ்ஆம் ரேஸ்ல ஓட்டணும்னா இன்ஜின் 305 கன அங்குலத்த, அதாவது 5 லிட்டர, தாண்டக் கூடாதுன்னு விதி, அதுக்காக 327 இன்ஜினோட பிளாக்குல 283 இன்ஜினோட கிராங்க் ஷாஃப்ட்ட போட்டு 302 ஆக்குனாங்க. நம்மூரு லேத் பட்டறைல பண்ற மாதிரி வேலைதான், கம்பெனியே பண்ணுச்சு. அந்த வருஷம் வித்தது 602 வண்டி. விவரம் தெரிஞ்சவன் இசட்28ன்னு எழுதிக் கேட்டு வாங்குனான், பேரு பரவுச்சு, 1968ல கம்பெனியே அந்த கோட பேட்ஜா அடிச்சு வண்டில ஒட்டிருச்சு. ரேலி ஸ்போர்ட்டுன்னு யோசிச்சு வச்ச பேருக்கு பக்கத்துல குமாஸ்தா நம்பர் ஒன்னு பேராயிருச்சு.

சரி, பேட்ஜ் பொய் சொல்லும்னா உண்மை எங்க இருக்கு? சேஸிஸ் நம்பர்ல ஆரம்பிக்கணும். 17 எழுத்து, உலகம் பூரா ஒரே அளவு. இங்கிலீஷ்ல ஐ, ஓ, க்யூ மூணும் அதுல வராது, 1, 0ன்னு படிச்சிருவாங்கன்னு தூக்கிட்டாங்க. முதல் மூணு எழுத்து யாரு செஞ்சதுன்னு சொல்லும்: எம்ஏ3 மாருதி, எம்ஏஎல் ஹூண்டாய், எம்ஏடி (MAT) டாடா, எம்ஏ1 மஹிந்திரா. வருஷத்துக்கும் ஒரு எழுத்து உண்டு, பொதுவா ஹெச்ன்னா 2017, ஜேன்னா 2018, நடுவுல ஐய தாண்டிருச்சு பாருங்க. ஆனா அது எத்தனாவது எடத்துல வரும்ங்கறது கம்பெனிக்கு கம்பெனி மாறும், அதனால பத்தாவது எழுத்தை பாருன்னு யாராச்சும் வீடியோல சொன்னா எல்லா வண்டிக்கும் அப்படியே நம்பிராதீங்க. இந்த 17ஐ வெறும் கண்ணால படிச்சா வேரியன்ட் தெரிஞ்சிரும்னும் இல்ல, அது பூட்டுக்கு சாவி மாதிரி. சர்வீஸ் சென்டர் கம்ப்யூட்டர்ல போட்டா அந்த ஒத்த வண்டி லைன்ல இருந்து எந்தெந்த சாமானோட இறங்குச்சுன்னு மொத்தமா வரும்.

ஃபோக்ஸ்வேகன் வகை வண்டிகள்ல இதை ஸ்டிக்கராவே ஒட்டிருப்பாங்க, டிக்கில ஸ்டெப்னி வைக்கற குழில இல்லன்னா சர்வீஸ் புக்குல, மூணு மூணு எழுத்தா நாலஞ்சு வரி. பிஆர் நம்பர்னு சொல்வாங்க. 1இசட்ல ஆரம்பிச்சா முன் பிரேக், 1கேல ஆரம்பிச்சா பின் பிரேக். ஒரே மாடல்லயே ரெண்டு மூணு சைஸ்ல டிஸ்க் வரும்ங்கறதால அந்த கோடு இல்லாம பிரேக் பேடு ஆர்டர் பண்ணா மாறி வந்து நிக்கும். பெயின்ட்டுக்கும் தனி கோடு. டொயோட்டால 040ன்னா சூப்பர் ஒயிட், மாருதி வெள்ளைல ஒன்னு 26யூ. டிங்கரிங் பட்டறைக்கு போயி வெள்ளைண்ணேன்னு சொன்னா அண்ணன் மொறைப்பாரு, எந்த வெள்ளை?

இன்னொரு சாட்சி டம்மி ஸ்விட்ச். ஸ்டீரிங்குக்கு வலது பக்கம் கீழ பட்டன் வரிசைல ரெண்டு மூணு வெறும் பிளாஸ்டிக் மூடியா இருக்கும், அமுக்குனா அமுங்காது. டேஷ்போர்டுக்கு அச்சு செய்யற செலவு அதிகம்ங்கறதால எல்லா வேரியன்ட்டுக்கும் ஒரே அச்சு, பட்டன் இல்லாத எடத்துக்கு மூடி. மாமா எடுக்க நெனச்ச வண்டில அந்த மூடிய நகத்தால நெம்பி எடுத்தேன், கடைக்காரர் முகம் மாறுச்சு. உள்ள வெறும் இருட்டு, ஒரு வயர் கூட இல்ல. சில கம்பெனில எல்லா வண்டிக்கும் ஒரே வயரிங்க போட்டு கனெக்டர டேப் சுத்தி உள்ள தொங்க விட்டுருப்பாங்க, அங்க பட்டன வாங்கி மாட்டுனா வேலை செய்யறதும் உண்டு, இது அந்த ஜாதி இல்ல.

இப்ப இதும் மாறிட்டே வருது. புது வண்டில பாதி வசதி சாஃப்ட்வேர்ல பூட்டி கிடக்குது, சாமான் உள்ள இருக்கும், அதுக்கான குறியீட்ட போட்டாதான் முழிக்கும். 2022ல பிஎம்டபிள்யூ சில நாட்டுல சீட்டு சூடாகற வசதிக்கு மாசா மாசம் காசு கட்டுன்னு சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டு அடுத்த வருஷமே விட்டுட்டாங்க. சேலத்து வெயில்ல மத்தியானம் நிறுத்துன வண்டில ஏறி உக்காந்து பாக்கட்டும், சப்ஸ்கிரிப்ஷன் இல்லாமயே சீட்டு எப்படி கொதிக்குதுன்னு.

மாமா கடைசில அந்த வண்டியவே எடுத்துட்டாரு. இன்ஜின் நல்லா இருந்துச்சு, பேட்ஜ் விஷயத்த சொல்லி எட்டாயிரம் குறைச்சோம். பேட்ஜ கழட்டிரலாமா மாமான்னு கேட்டேன், ஹேர் டிரையர்ல சூடு காட்டுனா அஞ்சு நிமிஷ வேலை. "இருக்கட்டும்டா, மலைல எவன் பின்கண்ணாடிய எண்ணிட்டு இருக்கான்"னுட்டாரு.

அன்னிக்கு ராத்திரியே கூட்டிட்டு ஏறுனோம். இருபது கொண்டை ஊசி வளைவுல பத்து பன்னெண்டு தாண்டுனதும் பனி இறங்கிருச்சு, பின்கண்ணாடி பால் ஊத்துன மாதிரி ஆயிருச்சு, பின்னாடி வர்ற பஸ்ஸோட லைட்டு மட்டும் மஞ்சளா கலங்குது. மாமா ஓரங்கட்டி நிறுத்தி, பேப்பர கசக்கி என் கைல குடுத்து "பின்சீட்டுக்கு போயி துடைச்சிட்டு வா மாப்ள"ன்னாரு. மேல போயி சேர்றதுக்குள்ள மூணு தடவ துடைச்சேன்.